மூன்றரை பம்பு

வலது தோள்பட்டை வலிக்கிறது. இதை எழுதும்போதும் வலிக்கிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை கையைச் சுழற்றிப் பார்த்தேன். உள்ளே ஏதோ 'கடக்' என்றது. ஐந்து மாதமாக இப்படித்தான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, சதையில் ஒன்றுமில்லை என்றார். "உழைச்ச உடம்பு. அப்படித்தான் இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உழைப்பால் வந்த வலி எது என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது எப்போது வந்தது என்றும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 4.13.

வண்டிக்குக் கிரீஸ் அடிப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாக வண்டிக்கு அடியில்தான் பிழைப்பு. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, கால் தெரியும். வண்டிக்கு அடியில் கிடப்பவன் பயப்பட வேண்டியது இரண்டுக்குத்தான். ஒன்று ஜாக்கி, இன்னொன்று சக்கரத்துக்கு வைக்கிற கட்டை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பாருடா" என்று விரட்டியிருப்பேன். கதை கட்டத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தக் கறுப்புக் கையோடு அலைகிறேன்? நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பார்த்த ஆள் இன்னொருவன் இருக்கிறான். அவனும் சொல்வான், அவனைப் பேசவைக்க முடிந்தால்.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகல். வெளியே வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் பட்டறையில் வண்டிக்கு அடியில் நாங்கள் நிற்கிற குழிக்குள் எப்போதும் ராத்திரிதான்.

என் தங்கை வீட்டுக்காரர் ஒரு பழைய ஜீப் வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற, மலையேறுகிற வண்டி. அவருக்கு எங்கள் வீட்டில் 'அவசரம்' என்று பெயர். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டே பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்ட மனிதர். மலை மேலே ஒரு பள்ளிக்கூடம். மண் பாதை. மற்ற வண்டிகள் ஏறாது. தினமும் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பதினான்கில் ஒருத்தி அவருடைய மகள், என் மருமகள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டியை அதிகாரியிடம் சோதனைக்குக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் வேலை அடுத்தவனுக்குப் போய்விடும். தங்கை முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். "அண்ணே, இதுல விழுந்தா நாங்க எழுந்திரிக்க மாட்டோம். அடியில எதையும் விட்டுடாம பண்ணிக் கொடு."

எதையும் விட்டுடாம. அவள் சொன்ன வார்த்தை அது.

ஞாயிறு மதியம் 2.20. பட்டறைக்கு விடுமுறை. சாவி என்னிடம். ஷட்டரைத் தூக்கினேன். ஜீப் உறுமிக்கொண்டு உள்ளே வந்து குழி மேல் நின்றது.

"மச்சான், ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாமா?"

"ஒரு மணி நேரத்துல நிப்பிளைத் துடைக்கவே முடியாது மாப்பிள்ளை."

"துடைக்க வேணாம். அப்படியே அடிச்சிடுங்க."

"பல்லு விளக்காம சாப்பிடுற ஆளு நீங்க. வண்டி அப்படி இல்ல."

சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இதை வித்த பழைய டிரைவர் ஏதோ சொன்னாரு மச்சான். கிரீஸ் அடிக்கிறதைப் பத்தித்தான். நான் அதுக்குள்ள வண்டியை எடுத்துட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தெரியல. கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தாரு."

"வயசான மனுசன் ஓடி வந்து சொல்றாரு. நிறுத்திக் கேக்கத் தெரியாது?"

"நேரமாச்சு மச்சான்."

ஏதோ கண்ணாடி மாற்ற வேண்டும், காகிதங்களை நகல் எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். நாலரைக்கு வருவதாகச் சொன்னார்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். இறுக்கம். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, காலால் உதைத்து இறுக்கினேன். பிறகு என் பழக்கம் ஒன்று. டயரிலிருந்து தரை வரை சாக்பீஸால் ஒரே கோடு இழுத்துவிடுவேன். வண்டி ஒரு விரல் நகர்ந்தாலும் டயர்க் கோடும் தரைக் கோடும் விலகிவிடும். இழுத்தேன். விடுமுறை நாளில் எவனாவது பஞ்சர் என்று வந்து நிற்பான் என்பதால் ஷட்டரை முழங்கால் உயரம் விட்டு இறக்கினேன். அது துருப்பிடித்த ஷட்டர். ஏற்றினாலும் இறக்கினாலும் கத்தும்.

எங்கள் குழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் புரியாது.

நெஞ்சளவு ஆழம். முன்னால் மூன்று படி, பின்னால் மூன்று படி. நடுவில் பழைய எண்ணெய் வடிக்கிற பீப்பாய் நிற்கும். அதன் தலையில் பெரிய தகரப் புனல். குழியின் அகலம் முழுக்க அது அடைத்துக்கொள்ளும். அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக முடியாது. வண்டி மேலே நின்றுவிட்டால் அந்தப் பக்கம் பார்க்கவும் முடியாது. மேலே கியர் பெட்டி தொங்கும், கீழே புனல். இடையில் ஒரு சாண் இடுக்கு. அவ்வளவுதான். அதனால் எங்கள் பட்டறையில் முன்னாலிருந்து ஒருவன், பின்னாலிருந்து ஒருவன் அடித்துக்கொண்டு வருவோம். கடைசியில் அந்த இடுக்கில் இரண்டு பேர் கையும் சந்திக்கும்.

நிப்பிள் என்பது சுண்டுவிரல் நுனி அளவு இரும்புக் குமிழ். கிரீஸ் கன்னின் வாயை அதில் கவ்வவைத்துக் கைப்பிடியை அழுத்தினால் புது கிரீஸ் உள்ளே போகும், பழையது பிதுங்கி வெளியே வரும். அந்த ஜீப்பில் மொத்தம் இருபத்து நான்கு. முன்பாதியில் பதினைந்து. பின்பாதியில் எட்டு. நடுவில் ஒன்று. அந்த ஒன்று, பின்சக்கரத்துக்குச் சுற்றலைக் கொண்டு போகிற நீளமான சாஃப்ட்டில், சரியாகப் பீப்பாய்க்கு மேலே இருக்கிறது. சாஃப்ட் சுற்றி எங்கே நிற்கிறதோ அங்கே நிப்பிளும் நிற்கும். அன்று அது உச்சியில் நின்றது. கன் நுழையாது. வண்டியை ஒரு முழம் உருட்டினால் கீழே வந்துவிடும். மாப்பிள்ளை வந்ததும் உருட்டச் சொல்லலாம் என்று அதைக் கடைசிக்கு வைத்தேன்.

உருட்டவும் எங்களுக்குச் சைகை உண்டு. அடியில் இருப்பவன் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு தட்டு தட்டினால் 'உருட்டு'. இரண்டு தட்டினால் 'நிறுத்து'. கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. இரும்பில் தட்டினால் கேட்கும்.

பின்பக்கத்துக்கு வர வேண்டியவன் என் கூட வேலை செய்கிறவன். அவனுக்குப் 'பூட்டு' என்று பெயர். வாயைத் திறக்க மாட்டான். காலையில் வந்து "அண்ணே" என்பான், சாயங்காலம் "வரேன்ணே" என்பான். நடுவில் ஒன்றும் கிடையாது. நிப்பிள் குறைவு என்பதால் எப்போதும் பின்பக்கத்தை எடுத்துக்கொள்வான். பேசாதவன் விவரமானவன். மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருகிறேன் என்றிருந்தான்.

2.45-க்கு முன்படியில் இறங்கினேன். கைவிளக்கை மாட்டினேன். வேஸ்ட் துணியால் முதல் நிப்பிளைத் துடைத்து அடித்தேன். வில்பட்டையைக் கோத்திருக்கும் பின்னிலிருந்து பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. உள்ளே வெள்ளையாகத் தூள்.

கல்தூள்.

எங்கேயோ கல் உடைக்கிற இடத்தில் ஓடிய வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

3.05. நான் ஆறாவது நிப்பிளில் இருந்தேன். பீப்பாய்க்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

டக்… டக்… டக்… டக்.

கிரீஸ் கன் கைப்பிடியின் சத்தம். எனக்கு என் மூச்சுச் சத்தத்தைவிடப் பழக்கமானது.

"வந்துட்டியா? மாமியார் வீட்டுல உன்னைத் தூக்கி விட வேண்டியிருந்திருக்குமே?"

பதில் இல்லை. பூட்டு எப்போது பதில் சொல்லியிருக்கிறான்? எனக்கு அது தப்பாகவே படவில்லை.

ஷட்டர் கத்தவில்லை என்பதும் அப்போது படவில்லை.

அடித்துக்கொண்டே போனேன். அவனும் அடித்தான். வேலைக்காரனுக்குக் கூட ஒரு சத்தம் இருந்தால் கை தானாக ஓடும். அன்றும் ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் காது எதையோ பிடித்துக்கொண்டது. பூட்டு ஒரு நிப்பிளுக்கு நாலு பம்பு அடிப்பான். நாலும் முழுசு. இது அப்படி இல்லை. மூன்று முழுசு. நாலாவது பாதியில் நின்றுவிடும்.

டக்… டக்… டக்… டக்.

ஒவ்வொரு நிப்பிளுக்கும் அப்படியே. மூன்றரை.

"என்னடா இன்னைக்கு மூணரை? அரையை யாருக்கு மிச்சம் வைக்கிற?"

சத்தம் நின்றது.

ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மறுபடி ஆரம்பித்தது. அதே மூன்றரை.

3.30 வாக்கில் இன்னொன்றைக் கவனித்தேன். அந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. பூட்டுக்குக் கண் மங்கல். சோடாபுட்டிக் கண்ணாடி. விளக்கில்லாமல் அவனால் சக்கரத்தையே கண்டுபிடிக்க முடியாது, நிப்பிளை எங்கே கண்டுபிடிப்பான்?

"லைட் போட்டுக்கடா. குருட்டுப் பூனை மாதிரி தடவாத."

வாசம்தான் வந்தது. குழியில் பத்தொன்பது வருடமாக எனக்கு ஒரே வாசம்தான். எண்ணெயும் கிரீஸும். இது வேறு. தண்ணீர் தெளித்த கல்தூள் வாசம்.

3.38. என் கன் காலி. படியேறி வெளியே வந்தேன். கிரீஸ் டப்பா சுவர் ஓரம் இருக்கும். சிவப்பு கிரீஸ். மூடியைத் திறந்து கன்னை நிரப்பிக்கொண்டே சுவரை நிமிர்ந்து பார்த்தேன்.

பட்டறையில் இரண்டு கன்தான். ஒன்று என் கையில்.

இன்னொன்று சுவரில் ஆணியில் தொங்கியது. குழாய் பிய்ந்து போய், இரண்டாகத் தொங்கியது. வெள்ளிக்கிழமை பிய்ந்தது. நான்தான் மாட்டிவிட்டு மறந்திருந்தேன்.

எனக்குப் பின்னால், குழிக்குள்…

டக்… டக்… டக்… டக்.

வீட்டிலிருந்து வேறு கன் கொண்டு வந்திருப்பான் என்று மனசு சொன்னது. மனசு எப்போதும் வேலை நடக்க வேண்டும் என்றுதான் பேசும். வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். பூட்டு செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டுத்தான் இறங்குவான். செருப்பு இல்லை. குனிந்தேன்.

சத்தம் நின்றது.

"டேய் பூட்டு."

இருட்டு. கீழ்ப்படி வரைதான் தெரிந்தது. வில்பட்டை பின்களில் புது கிரீஸ் பிதுங்கி நின்று பளபளத்தது. வேலை நடந்திருக்கிறது. சுத்தமான வேலை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நடந்த வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு, செய்த ஆள் இல்லை என்று எப்படி நினைப்பது? இருட்டில் ஓரமாகச் சாய்ந்து நின்று விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பூட்டு விளையாடுகிறவன் இல்லை. இருந்தாலும் அப்படி நினைத்துக்கொண்டேன்.

அப்போதே ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு இன்னும் மூன்று நிப்பிள் இருந்தது. எட்டு மணிக்குச் சோதனை. பதினான்கு பிள்ளைகள். தங்கை முகம்.

முன்படியில் மறுபடி இறங்கினேன்.

பதின்மூன்று. துடைத்தேன், அடித்தேன்.

பதினான்கு.

அந்தப் பக்கச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. பின்சக்கரத்திலிருந்து நடுவுக்கு.

பதினைந்து. மணி 4.06. என் பக்கம் முடிந்தது. அந்தப் பக்கமும் எட்டாவது அடித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பீப்பாய். மூன்று அடி தூரம்.

4.07. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன்.

பூட்டு.

மூன்று அடி தள்ளி நிற்கிறவன் எதற்குப் போன் செய்கிறான்?

காதில் வைத்தேன்.

"அண்ணே. கோவமா?"

"எங்கடா இருக்க?"

"வீட்டுல. மூணு இருபதுக்கு வந்தேன்ணே. ஷட்டர் கீழ குனிஞ்சு பாத்தேன். பின்பக்கத்துக்கு வேற ஆளைப் போட்டிருந்தீங்க. நான் எதுக்குன்னு திரும்பிட்டேன்."

பீப்பாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"யாருண்ணே அது? கை மட்டும் வெளிய வந்து வேஸ்ட் துணியை வெச்சுட்டு உள்ள போச்சு. லைட்டே இல்லாம அடிக்கிறான்?"

பூட்டு இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"அண்ணே? இப்பவும் அடிக்கிறான் போல. போன்லயே கேக்குது…"

டக்… டக்… டக்… டக்.

போனை அணைத்தேன். அணைத்தேனா, கை நழுவியதா தெரியாது. போன் வெளிச்சம் போய்விட்டது, கைவிளக்கு மட்டும் எரிந்தது.

சத்தமும் நின்றது.

நான் அசையவில்லை. மூச்சு விட்டால் கேட்கும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு, சேஸில் ஒரு தட்டு.

டங்.

'உருட்டு.'

வண்டி மேல் யாரும் இல்லை. வண்டிச் சாவி என் பையில் இருந்தது.

தலைக்கு மேல் சாஃப்ட் சுற்ற ஆரம்பித்தது…

மெதுவாக. கிரீச் என்றுகூடச் சத்தமில்லாமல். உச்சியில் இருந்த நிப்பிள் பக்கவாட்டுக்கு வந்தது. இன்னும் வந்தது. கீழே வந்தது.

டங். டங்.

நின்றது.

நிப்பிள் சரியாக இடுக்குக்கு நேரே இருந்தது. துடைத்திருந்தது. பளிச்சென்று.

இடுக்கில் ஒரு கை வந்தது.

வேலைக்காரன் கை. நகக்கண்ணில் கறுப்பு. மணிக்கட்டு வரை கிரீஸ். அதற்கு மேலே மாவு பூசியது போல வெள்ளைத் தூள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. கட்டைவிரல் தப்பான பக்கத்தில் இருந்தது.

ஒரு கையை அப்படி நீட்ட முழங்கை எங்கே இருக்க வேண்டும் என்று யோசித்தேன். பயத்திலும் அதைத்தான் யோசித்தேன்.

முழங்கைக்கு அங்கே இடமே இல்லை.

விரல்கள் ஒரு தடவை மூடின. திறந்தன.

கேட்டது.

என் கையில் இருந்த கன்னைக் கேட்டது.

திரும்பி ஓடினேன். மூன்று படி. இரண்டாவது படியில் வலது தோளில் ஏதோ பட்டது. சேஸ் விளிம்பில் இடித்துக்கொண்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

இரும்பு இடிக்கும்.

இரும்பு பிடிக்காது.

ஷட்டருக்கு அடியில் உருண்டு தெருவில் விழுந்தபோது எதிர்க்கடை கடிகாரத்தில் மணி 4.13.

கன் என் கையிலேயே இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். கருவியைக் குழியில் போட்டுவிட்டு வரக்கூடாது என்று முதலாளி பத்தொன்பது வருடம் திட்டித் திட்டிப் பழக்கிய கை. உயிர் போகிற நேரத்திலும் விடவில்லை. விட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

மாப்பிள்ளை 4.40-க்கு வந்தார். நான் நடைபாதையில் கன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன மச்சான், காத்து வாங்குறீங்களா?"

அவரை முன்னால் விட்டு உள்ளே போனேன். கட்டைகள் நாலும் வைத்த இடத்தில் இறுக்கமாக இருந்தன. ஹேண்ட் பிரேக் போட்டபடி இருந்தது. டயரில் இழுத்த சாக்பீஸ் கோடும் தரையில் இழுத்த கோடும் ஒரு மயிரிழை விலகவில்லை.

வண்டி நகரவே இல்லை.

பின்பக்கம் எட்டு நிப்பிளும் அடித்திருந்தது. மாப்பிள்ளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், பின்னாடி மட்டும் வேற கலரு?" என்றார்.

எங்கள் டப்பாவில் சிவப்பு கிரீஸ். அது மஞ்சள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் பார்த்தது. இப்போது கடைகளில் வருவதில்லை.

நடு நிப்பிள் மறுபடி உச்சிக்குப் போயிருந்தது.

அன்று சாயங்காலம் 6.30-க்கு அந்தப் பழைய டிரைவரின் எண்ணை மாப்பிள்ளையிடம் வாங்கிப் பேசினேன். ஜீப் என்று சொன்னதுமே அவர் என்னைப் பேசவிடவில்லை.

"எத்தனை அடிச்சீங்க?"

"இருபத்து மூணு."

பெரிதாக மூச்சு விட்டார். "அதைத்தாங்க நான் ஓடி வந்து சொன்னேன். அந்த நடு நிப்பிள் மட்டும் வேணாம், விட்டுடுங்கன்னு. எங்க அந்தத் தம்பி நின்னாத்தானே."

"ஏன் வேணாம்?"

"சத்தம் எப்படிங்க கேட்டுச்சு?"

"மூணு முழுசு. ஒண்ணு அரை."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பதினோரு வருசம் ஆச்சு" என்றார். "கல்குவாரிங்க. குழி எல்லாம் கிடையாது, சரிவுல நிறுத்திட்டு அடியில படுத்து அடிக்கணும். என் கூட இருந்தவன்தான் படுத்திருந்தான். எல்லாம் அடிச்சிட்டான், அந்த ஒண்ணு மேல நின்னுச்சு. ஒரு தட்டு தட்டினான். கட்டையை எடுத்துட்டு ஒரு முழம் உருட்டினேன். ரெண்டு தட்டு தட்டினான். நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்…"

"கட்டை?"

"தண்ணி குடிச்சிட்டு வந்து வெச்சுக்கலாம்னு இறங்கினேங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பானைக்கிட்ட நிக்கிறேன். அவன் அடிக்கிற சத்தம் கேக்குது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலாவது பாதிதான் கேட்டுச்சு."

"சாஃப்ட்டை மாத்திப் பாத்திருக்கலாமே?"

"ரெண்டு தடவை மாத்தினோம். அவனுக்கு சாஃப்ட் எதுவா இருந்தா என்ன?"

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"சக்கரம் எங்க ஏறுச்சு?"

"வலது தோள்ல" என்றார்.

மறுநாள் வண்டி சோதனையில் தேறிவிட்டது. அதிகாரி அடியில் குனிந்து பார்த்து, நல்ல வேலை என்றாராம். தங்கை எனக்குப் போன் செய்து அழுதாள். சந்தோஷத்தில்.

மூன்று மாதம் கழித்து மறுபடி கிரீஸ். இந்தத் தடவை குழி வேண்டாம் என்று திறந்தவெளியில், வெயிலில், ஜாக்கி வைத்து அடித்தேன். பூட்டு கூட இருந்தான். இருபத்து மூன்றும் முடிந்தது. நடு நிப்பிள் உச்சியில் நின்றது. ஜாக்கியை இறக்கியதும் மாப்பிள்ளை வண்டியை ஒரு முழம் உருட்டினார். குனிந்து பார்த்தேன். உச்சியில். இரண்டு முழம். உச்சியில். பத்து அடி உருட்டினார். எங்கே நிறுத்தினாலும் அது உச்சியில்தான் நிற்கிறது.

"விடுங்க மச்சான், ஒண்ணுதானே" என்றார் அவசரம்.

ஒன்றுதான். அந்த ஒன்று காய்ந்து இறுகினால் ஒரு நாள் சாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடையும். ஏற்றத்தில் உடைந்தால் வண்டி பின்னால் வரும். அந்தப் பாதையில் பின்னால் வந்தால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளம். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். புது சாஃப்ட் போடலாம் என்றார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். புதுசு போட்டாலும் கிரீஸ் அடித்தாக வேண்டும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் மருமகள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, எங்க வண்டி எண்ணுது."

"என்னது?"

"ஏத்தத்துல போறப்ப அடியில எண்ணுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு மட்டும் பாதியில விட்டுடுது. நாங்க எல்லாரும் சேர்ந்து 'நாலு'ன்னு கத்துவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நிப்பிள் ஓர் இடத்தில்தான் கீழே இறங்கும். எங்கள் குழியில். வண்டி மேல் யாரும் இல்லாதபோது. முன்பக்கம் நான் மட்டும் நிற்கும்போது. அது எனக்குத் தெரியும். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மாப்பிள்ளையிடம் வண்டியை வாங்கிக் குழி மேல் நிறுத்துகிறேன். கட்டை வைக்கிறேன். கோடு இழுக்கிறேன். கன்னை நிரப்புகிறேன். முதல் படியில் கால் வைத்ததும் தோள் வலிக்க ஆரம்பிக்கிறது. திரும்பிவிடுகிறேன்.

நாளை ஞாயிறு. நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வண்டி பதினான்கு பிள்ளைகளோடு மலை ஏறும்.

கை நீட்டிக் கேட்டவனுக்கு நான் கொடுக்கவில்லை. அவனுக்கு நான் அரை பம்பு கிரீஸ் பாக்கி.